மூன்று மிதி

நான் பிறக்கும்போது கால் முன்னால் வர வெளியே வந்தேனாம். அம்மாவைப் பாடாய்ப் படுத்தியதற்குப் பரிசாக ஊரில் எனக்கு வைத்தியப் பதவி கிடைத்தது. காலால் பிறந்த பிள்ளை மூன்று முறை மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது கடப்பாக்கத்துக்கு மேற்கே எங்கள் பக்கத்தில் அசைக்க முடியாத நம்பிக்கை. எட்டு வயதில் என் முன்னால் பெரிய பெரிய ஆட்களெல்லாம் குப்புறப் படுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தத் தை மாதம், நெல் அவித்த அண்டாவை இறக்கிய அம்மா அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டாள். இடுப்பில் கிளம்பிய வலி தொடையின் பின்பக்கமாக இறங்கிக் கால் கட்டைவிரல் வரை சுண்டி இழுத்தது. தும்மினால் அலறினாள்.

"டாக்டரு எதுக்கு? நம்ம வூட்லயே வைத்தியரம்மா கீறாங்களே" என்றார் அப்பா. மூன்று நாள், காலையில் மும்மூன்று முறை மிதித்தேன். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

நான்காம் நாள் வலி நின்றது. ஆனால் இடது செருப்பு நழுவியதுகூடத் தெரியாமல் காலை இழுத்து இழுத்து நடந்தாள். கொல்லைக்கு நான்தான் தாங்கிப் பிடித்துப் போனேன். வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு வெறுமனே எழுந்தாள்.

"உக்கார்ற எடமே மரத்துப் போயி கீதுடி. ஒண்ணுக்கும் வரல. அப்பாவாண்ட சொல்லாத, மானம் போயிடும்."

நான் சொல்லவில்லை. பிறகு அவள் அறியாமலே நனைந்த புடவைகளையும் நானே அலசிப் போட்டேன். வலி போன சேதியை மட்டும் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான்கு நாள் கழித்து அவள் நிற்க முடியாமல் விழுந்த பிறகுதான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம்.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி ஒரு தட்டு இருக்கிறது, அது பிதுங்கி நரம்பை நெரித்தால் வலி காலுக்கு இறங்கும், உட்காரும் இடம் மரத்துச் சிறுநீர் அடைபட்டால் அன்றைக்கே ஓட வேண்டும் என்பதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. என் மிதி எவ்வளவு கெடுத்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. தாமதம் கெடுத்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா அதன் பிறகு நடக்கவே இல்லை. என்னை ஒரு வார்த்தை திட்டியதும் இல்லை. திட்டியிருக்கலாம்.

அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவின் பாதத்தில் ஊசியால் குத்திப் பார்த்தார். அவள் அசையவில்லை.

"வலி எப்ப நின்னுச்சு?" என்று கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"நான்தான் சார் மிதிச்சி நிறுத்தினேன். நாலு நாளு ஆவுது."

டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். தன்னால் முடியாததை ஒரு சின்னப் பெண் முடித்துவிட்டாளே என்று வாயடைத்துப் போய்விட்டார் என நினைத்து, நான் அப்பாவைப் பார்த்துச் சிரித்தேன்.