கொறங்காட்டுப் படல்

1. தென்னை மரம்

எண்பதுகளின் நடுவில் திருப்பூரை அடுத்த வீரபாண்டியில் ஒரு பனியன் பிரிண்டிங் யூனிட்டில் ஆர்ட்டிஸ்ட் வேலை கேட்டுப் போனேன். அன்று காலை முதலாளி ஜாபர் பாய் ஒரு வெளிநாட்டு டி-ஷர்ட்டைக் கொண்டுவந்து என் முன்னால் மேஜையில் விரித்தார். கடல், மணல், ஒரு பக்கமாகச் சாய்ந்த தென்னை மரம். இதைப் பெரிதாக்கி, கலர் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதுதான் எனக்கு வைத்த பரீட்சை.

இப்போது கம்ப்யூட்டரில் வேலை செய்யும் பிள்ளைகளுக்காக அந்தக் காலத்து முறையைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் எத்தனை கலர் இருக்கிறதோ அத்தனை ஃபிலிம். கண்ணாடி மாதிரி இருக்கும் ஃபிலிமில் ஒவ்வொரு கலருக்கும் உரிய இடத்தை மட்டும் கறுப்பு மையால் கையாலேயே வரைய வேண்டும். அதை வைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத் துணியில் ஸ்க்ரீன் எடுப்பார்கள். மேஜையில் துணியை ஒட்டி, ஒரு ஸ்க்ரீன் மேல் அடுத்த ஸ்க்ரீன் என்று கலர் ஏறும். ஒரு ஃபிலிம் நூலளவு நகர்ந்தாலும் படம் இரட்டையாகிவிடும். கை நடுங்குகிறவனுக்கு அந்த வேலை ஆகாது. எனக்கு நடுங்காது.

மத்தியானத்துக்குள் முடித்துக் கொடுத்தேன். பாய் ஃபிலிம்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“தம்பி, கடல் நல்லா வந்திருக்கு. மரம் மட்டும் பனை மரமா நிக்குது.”

பார்த்தால் உண்மைதான். ஊத்துக்குளிப் பக்கம் எங்கள் காட்டோரத்தில் விறைத்து நிற்கும் பனைகளைப் பார்த்து வளர்ந்த கை. சாய்வு கொடுத்தும் மரம் வளைய மறுத்திருந்தது. பிளேடால் மையைச் சுரண்டிவிட்டுத் தென்னையாக மாற்றினேன். வேலை கிடைத்தது.

அதற்குப் பிறகு நான் வரையாதது இல்லை. பனி மூடிய வீடு, பாய்மரக் கப்பல், அலைமேல் பலகையில் நிற்கும் பையன், கரடி. எதையும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் அனுப்பிய சாம்பிளையும் என் பிரிண்டையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று பாயே குழம்புவார். திருப்பூரில் இன்னார் யூனிட் ஆர்ட்டிஸ்ட் என்று சொன்னால் நாலு பேருக்குத் தெரியும் என்கிற அளவுக்குப் பெயர் வந்தது. அந்தப் பெருமையோடு சில வருஷங்கள் போயின.

2. கடலைப் பார்த்ததுண்டா?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து புதிய பையர், அதாவது சரக்கு வாங்கும் கம்பெனி ஒன்று, கிடைக்கும் போலிருந்தது. அந்தக் கம்பெனியின் டிசைனர் ஒரு இளம் பெண். அவரே நேரில் வந்தார். அந்த ஆர்டர் கிடைத்தால்தான் இரண்டாவது பிரிண்டிங் ஷெட்டில் ஆள் வைக்க முடியும் என்று பாய் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். ஷெட் கட்டி முடித்து, மேஜை போட்டு, சும்மா கிடந்தது.

ஒரு மாதம் உழைத்து வரைந்த ஆர்ட்வொர்க் முழுவதையும் அந்தப் பெண் அரை மணி நேரத்தில் பார்த்து முடித்தார். பிறகு மொத்தமாக அடுக்கி, மரியாதையாகப் பாய் பக்கமே தள்ளி வைத்தார். வரைந்தவரைப் பார்க்க வேண்டும் என்றார். என்னைக் கூப்பிட்டார்கள்.

பாய் வியாபாரத்தில் கற்ற இங்கிலீஷில் எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றார். நான் கடலைப் பார்த்திருக்கிறேனா என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். பின் எதற்குக் கடலாக வரைந்து வைத்திருக்கிறீர்கள் என்றார்.

“நீங்கதானுங்க அனுப்பறீங்க” என்றேன்.

பாய் அதை மொழிபெயர்க்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தார். கடைசியில் சொல்லிவிட்டார். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் கடலை வரைய எங்கள் ஊரிலேயே ஆள் இருக்கிறார்கள், நீங்கள் தினமும் பார்ப்பது எதையாவது கொடுங்கள், திங்கட்கிழமை கிளம்புகிறேன், அதற்குள் பார்க்கிறேன் என்றார்.

வெளியே வந்ததும் பாய் யானை போடலாம், மயில் போடலாம் என்று ஆரம்பித்தார். யானையையும் நான் தினமும் பார்ப்பதில்லை என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, தினமும் பார்ப்பது எது என்று எனக்கே தெரியவில்லை. கண் முன்னால் இருந்தது அடுத்தவர் அனுப்பிய சாம்பிள்கள்தான்.

3. இடது கை

சனிக்கிழமை ஊத்துக்குளி பஸ் ஏறினேன்.

எங்களுக்கு இருந்தது கொறங்காடு. உழவு இல்லாத மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் ஆடு நுழைய முடியாதபடி கிளுவை வேலி. உள்ளே போகும் வழியில் குச்சியும் முள்ளும் வைத்துக் கட்டிய படல். கொறங்காட்டைப் பற்றி யாரும் படம் போட மாட்டார்கள். பச்சையும் இல்லை, பரந்த வயலும் இல்லை. அப்பா எருமைகளை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போக, நான் வேலியோரம் உட்கார்ந்து வரையத் தொடங்கினேன்.

கிளுவைக் குச்சி ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் போகும். தொலைவிலிருந்து பார்த்தால் ஒரே கோடு. கிட்டே வந்தால் யாரோ அவசரமாகக் கிறுக்கிய மாதிரி. வரைய வரைய, இத்தனை வருஷம் நான் படித்த கலர் பிரிக்கும் கணக்குக்கு இது பொருந்துவது தெரிந்தது. குச்சிக்கு ஒரு கலர், இலைக்கு ஒரு கலர், இடைவெளிக்குத் துணியின் வெள்ளையே போதும்.

படலை வரையும்போது படத்துக்குள் அம்மா வந்துவிட்டார். அதற்கு முந்தைய வருஷம்தான் அம்மா தவறிப்போயிருந்தார். பால் கறந்து முடித்து, குனிந்து படலைத் தூக்கி, அந்தப் பக்கம் போகிற மாதிரி முதுகு தெரிய ஒரு உருவம். திட்டமிட்டு வரைந்ததில்லை. வேலியில் வழி என்று ஒன்று இருந்தால் அதில் அம்மா இருப்பார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் திரும்பி, வீட்டில் அடுப்படி ஓரம் ஃபிலிமை விரித்துப் பெரிதாக வரைந்துகொண்டிருந்தேன். என் மனைவி சாந்தாமணியும் எங்கள் யூனிட்டில்தான் வேலை. பிரிண்ட் ஆகி வரும் பீஸ்களைப் பார்த்துப் பழுதைப் பிரிக்கும் செக்கிங் டேபிள். வெங்காயம் உரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தவள் கேட்டாள்.

“ஏனுங்க, அத்தை வலது கையிலயா படலைத் தூக்குவாங்க?”

எல்லோரும் வலது கையால்தானே தூக்குவார்கள் என்றேன்.

“அத்தை இடது கையிலதானுங்க. வலது கையில பால் போசி இருக்குமில்ல.”

பிறந்ததிலிருந்து பார்த்தவன் நான். கல்யாணமாகி வந்து கொஞ்ச காலம் கூட இருந்தவள் அவள். எனக்கு அம்மாவின் உருவம் ஞாபகமிருந்தது. அவளுக்கு அம்மாவின் வேலை ஞாபகமிருந்தது, பக்கத்தில் நின்று சேர்ந்து செய்தவள் அல்லவா. வரைந்த கையைச் சுரண்டிவிட்டு இடது கையைத் தூக்க வைத்தேன். வலது கையில் போசியை, அந்தப் பால் பாத்திரத்தைக் கொடுத்தேன். உடனே முதுகு தானாகச் சரிந்தது, கழுத்து திரும்பியது, கால் ஊன்றியது. அதுவரை யாரோ ஒரு பெண்ணாக இருந்த உருவம் எங்கள் அம்மாவாகிவிட்டது. சாந்தாமணி வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

4. செக்கிங் டேபிள்

திங்கட்கிழமை காலை பாய் ஃபிலிமைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

“முள்ளு வேலியைப் போய் யாரு தம்பி நெஞ்சுல போட்டுக்குவாங்க?”

அந்தப் பெண் போட்டுக்கொண்டார். பேப்பரில் எடுத்த பிரிண்டைத் தன் மேல் வைத்துக் கண்ணாடியில் பார்த்தார். ஒன்றையும் மாற்ற வேண்டாம் என்றார். ஆர்டர் உறுதியானது. இரண்டாவது ஷெட்டில் ஆள் எடுத்தார்கள்.

பெரிய ஆர்டர் ஓடும்போது பழுதும் ஓடும். புது ஆட்கள், புது மேஜை. அம்மாவின் சேலைக்கு வைத்திருந்த நீல ஸ்க்ரீன் சில பீஸ்களில் நகர்ந்து விழுந்தது. அப்படி விழுந்தவற்றில் ஒரு உருவத்துக்கு இரண்டு முதுகு. பழுதானதை வெளியே விற்கக் கூடாது என்பது பையரின் கண்டிஷன். அதனால் கிழித்து, ஸ்க்ரீன் துடைக்க வைத்துக்கொள்வோம். எல்லா டிசைனுக்கும் அதுதான் வழக்கம்.

ஒரு நாள் மத்தியானம் செக்கிங் டேபிளில் வேலை நின்றுவிட்டது என்று ஆள் வந்து கூப்பிட்டார்கள். போனேன். சாந்தாமணி முன்னால் பீஸ்கள் மலை மாதிரி குவிந்திருந்தன. பழுதான ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேஜையில் ஒருவர் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஸ்க்ரீன் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தத் துணியில் படல் தெரிந்தது. பாதிச் சேலை தெரிந்தது.

“அத்தையை எப்படிங்க வேஸ்ட்டுல போடறது? என்னால ஆகாதுங்க.”

பாயும் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டவர் அவளைத் திட்டவில்லை. அந்த டேபிளுக்கு வேறு ஆளைப் போட்டுவிடுகிறேன் என்று மெதுவாகச் சொன்னார். அது எனக்குச் சரியாகப் படவில்லை. அவள் கண்ணுக்குத் தெரியாமல் நடந்தாலும் நடக்கப்போவது அதுதானே. இதை வரைந்தே இருக்கக் கூடாதோ என்று முதல் தடவையாகத் தோன்றியது.

அவள் மடியிலிருந்த பீஸை வாங்கி மேஜையில் விரித்தேன். என்னதான் வரைந்திருக்கிறேன் என்று புது ஆள் மாதிரி பார்த்தேன். வேலி, படல், முதுகு, கை, போசி. பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒன்று தட்டுப்பட்டது.

“சாந்தா, அம்மா மூஞ்சி இதுல எங்கயாவது இருக்குதா பாரு.”

அவள் குனிந்து பார்த்தாள்.

“இல்லீங்க.”

“மூஞ்சிய நான் குடுக்கல. அது நம்மகிட்டத்தான் இருக்குது. இது படலைத் தூக்கற ஒரு பொம்பளை. தப்பா விழுந்தா தப்புதான்.”

வரையும்போது இதை யோசித்தேனா என்றால் இல்லை. கை தானாக முதுகுப் பக்கத்தை எடுத்திருந்தது. கொடுக்க வேண்டியது எது, வைத்துக்கொள்ள வேண்டியது எது என்பது கைக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அந்த நிமிஷத்தில் நான் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, கண்டதைச் சொன்னேன். அது அவளுக்கும் புரிந்தது. பழுதை எடுத்துக் கூடையில் போட்டாள். அடுத்த பீஸை இழுத்தாள். சாயங்காலம் வரை ஒரு தப்பைக்கூட விடவில்லை. நல்ல பீஸ் கையில் வரும்போது மட்டும் ஒரு கணம் நிறுத்திப் பார்த்தாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

5. அப்பாவின் டி-ஷர்ட்

சாம்பிளுக்கு எடுத்த நல்ல பீஸ் ஒன்றைப் பாயிடம் கேட்டு வாங்கி அப்பாவிடம் கொண்டுபோனோம். அப்பா அதைக் கயிற்றுக் கட்டிலில் விரித்து வெகுநேரம் பார்த்தார். நான் கொஞ்சம் பயந்துதான் போயிருந்தேன்.

“இந்தப் பக்கம் வெள்வேல மரம் ஒண்ணு இருக்கோணுமே கண்ணு.”

மரம் போட்டால் இன்னொரு கலர் ஆகும், இன்னொரு ஸ்க்ரீன் வேண்டும் என்றேன். சரி, வாங்கறவங்களுக்கு இது போதும் என்றார். அடுத்த சந்தைக்கு, வேட்டிமேல் அந்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு வெண்ணெய் கொண்டுபோனார். ஆயுள் முழுக்க அரைக்கைச் சட்டையைத் தவிர வேறு போட்டறியாத மனுஷன். கேட்டவர்களிடமெல்லாம், நம்ம காடுங்க, எம் பையன் போட்டது என்று சொல்லியிருக்கிறார். துணி நைந்து போகும்வரை போட்டார். காடு இன்றும் இருக்கிறது. என் தம்பி அதில் ஆடு மேய்க்கிறான், பட்டியும் பெருகியிருக்கிறது.

6. புறா

அடுத்த சீசனுக்கு என்ன வரைவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது பாய் என் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வழக்கமாக நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகிறவர். தன் சின்ன வயதில் அத்தா, அவர் அப்பாவை அப்படித்தான் சொல்வார், புறா வளர்த்ததைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மாடியில் மரப்பெட்டிக் கூடு, சாயங்காலமானால் அத்தா ஒரு துண்டை வீச, அத்தனை புறாவும் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கும். அவர் சொல்லச் சொல்ல வரைந்தேன்.

“இல்ல தம்பி, கூட்டு மேல உக்காராது. அத்தா தோள்லதான் முதல்ல வந்து உக்காரும்.”

மாற்றினேன். துண்டு இன்னும் பெரிசு என்றார். மாற்றினேன். மாடிச் சுவரில் ஒரு மூலை இடிந்திருக்கும் என்றார். அதையும் போட்டேன். வெளியே வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. லோடு ஏற்ற வேண்டும், போய்ப் பாருங்க பாய் என்றேன். இருக்கட்டும் தம்பி என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த பிரஷ்ஷையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் புறா டிசைனும் ஆர்டர் ஆனது. பிறகு ஓய்வு நேரத்தில் எனக்காகவும் பெரிய படங்கள் வரைந்தேன். கோயமுத்தூரில் ஒரு கண்காட்சியில் மற்ற ஓவியர்களின் படங்களோடு சேர்த்து அவற்றை வைத்தார்கள். அங்கே என்னைவிடப் படித்தவர்கள், உலகம் பார்த்தவர்கள் இருந்தார்கள். பேசிப் பார்த்தால் அவர்களும் ஏதோ ஒரு தெருவை, ஏதோ ஒரு அடுப்படியைத்தான் விடாமல் வரைந்துகொண்டிருந்தார்கள்.

இப்போது டிசைன் படித்துவிட்டு வரும் பிள்ளைகள், எதை வரைவது என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் கற்றது ஒன்றுதான். ஞாபகத்திலிருந்து ஒன்றை வரையுங்கள். வரைந்ததை வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள். நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னால் அதை ஓரமாக வைத்துவிடுங்கள். இல்லை, அது அப்படி இல்லை என்று அவர் பேச ஆரம்பித்தால் பிளேடை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.