பொப்கட்டுக்கு இழுத்த கோடு

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நாங்கள் மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில், ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். மன்னாரிலிருந்து என் அக்காவின் மகள் எங்களோடு வாழ வந்திருந்தாள். பெறாமகள் என்றாலும் பெற்ற மகளாகத்தான் அவளைப் பார்த்தேன். அவளோ விருந்தாளியாகவே நடந்தாள். பிரிட்ஜைத் திறக்கவும் என்னைக் கேட்பாள். என் மகள் வேண்டுமென்றே சீண்டினாலும் சிரித்துவிட்டு ஒதுங்குவாள். இந்தப் பிள்ளை எப்போது எங்களோடு ஒட்டப்போகிறாள் என்பதுதான் என் கவலையெல்லாம்.

மகளுக்குப் பள்ளியில் லிங்ஸ் என்ற காட்டுப்பூனையைப் பற்றி ஒரு பெரிய அட்டை செய்யச் சொல்லியிருந்தார்கள். அவள் கீற, பெறாமகள் நிறம் தீட்ட, சாப்பாட்டு மேசையில் நாலு பூனைகள் வந்து சேர்ந்தன: கனடா லிங்ஸ், ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் திரியும் பெரிய லிங்ஸ், ஸ்பெயின் பக்கத்து லிங்ஸ், பிறகு பொப்கட் என்ற குட்டைவால் காட்டுப்பூனை. மகள் முதல் மூன்றையும் ஒரே கிளையில் சேர்த்தாள். பொப்கட்டைத் தள்ளி வேறு கிளையில் விட்டாள்.

"இது ஏன் தனிய நிக்குது?" என்று பெறாமகள் கேட்டாள்.

"அது முதலே பிரிஞ்சிட்டுது. கனடா லிங்ஸுக்குக் கிட்டின சொந்தம் கடலுக்கு அங்கால இருக்கிறதுகள்தான். பொப்கட் இஞ்ச பக்கத்துக் காட்டில இருந்தாலும் கசின் மட்டும்தான்."

பள்ளியில் தன்னையும் மகள் கசின் என்றே அறிமுகப்படுத்துவது பெறாமகளுக்குத் தெரியும். முகம் வாடிவிட்டது. என் வாய் சும்மா இருக்குமா?

"கசின் என்ன கசின்! அக்கா தங்கச்சியின்ர பிள்ளையள் சகோதரங்கள். எல்லாத்தையும் ஒண்டாப் போடு."

"அம்மா, இது சயன்ஸ். எங்கட வீட்டுக் கதை இல்லை."

அவள் சொன்னது சரிதான். ஆனால் அவள் குளிக்கப் போன நேரத்தில், பெறாமகள் பொப்கட்டிலிருந்து கனடா லிங்ஸுக்குத் தடித்த கோடொன்றை இழுத்து, 'சகோதரிகள்' என்று பிரெஞ்சில் எழுதி, அட்டையைச் சுருட்டி வைத்தாள். நான் பார்த்தும் பாராதவள்போல் வெங்காயம் வெட்டினேன்.

மறுநாள் மகள் பத்திரகாளியாகத் திரும்பி வந்தாள். அந்தக் கோட்டுக்காக ஆசிரியை புள்ளி வெட்டியிருந்தார்.

"உன்னை ஆர் கீறச் சொன்னது? எல்லாத்தையும் பழுதாக்கிப்போட்டாய்!"

பெறாமகள் வழக்கம்போல் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன்.

"நீதான் பழுதாக்கினனி! கனடா லிங்ஸுக்கு வால் நுனி முழுக்கக் கறுப்பு. பொப்கட்டுக்கு மேல்பக்கம்தான் கறுப்பு, கீழ வெள்ளை. நீ ரெண்டுக்கும் ஒரே வாலைக் கீறி வைச்சனி. நான்தான் திருத்தினனான்!"

"திருத்த நீ ஆர்?"

"உன்ர அக்கா!"

எங்கள் வீட்டில் அவள் போட்ட முதல் சண்டை அது. விலக்க நான் போகவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.