சலூன் முக்கு

ஹூஸ்டன் நகரத்தின் நான்காம் வார்டில் என் பக்கத்து வீட்டு லூஷியஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவர் மனைவி ஒடெஸா போனில் ஆம்புலன்ஸுக்குப் பதறிப் பதறி வழி சொன்னாள்.

"செங்கல் ரோட்டுல வாங்க தம்பி, ஹோமர் சலூன் முக்குல திரும்புங்க, சர்ச்சுக்கு எதிர் வீடு!"

சலூனையும் சர்ச்சையும் இடித்து, நாசமாய்ப்போன கண்ணாடி அடுக்குமாடி கட்டி வருஷங்களாகிவிட்டன. எங்களுக்கு இன்றும் அது சலூன் முக்குதான். சைரன் அலற, வண்டி அந்தக் கட்டடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது.

"இங்க எங்கம்மா இருக்கு சலூன்?" என்று கேட்டுக்கொண்டே டிரைவர் உள்ளே நுழைந்தபோது லூஷியஸ் போய்விட்டார்.

அடக்கத்துக்கு முன் வீட்டுக்கு வரச் சொல்லி, சொந்தக்காரர்களுக்கும் ஒடெஸா அதே வழியைத்தான் சொன்னாள். வாடகை தாங்காமல் வார்டை விட்டுச் சிதறிப்போனவர்கள் எல்லாரும் வந்தார்கள். ஒருவர்கூட வழி தவறவில்லை.