ஆவணி ஒன்றுவரை நின்ற கார்

புனிதா அக்கா எலுமிச்சம்பழத்தை அழுத்திப் பார்த்து வாங்குவதில்லை. உள்ளங்கையில் வைத்து ஒரு முறை உருட்டுவார். நேராக உருண்டால் எடுத்துக்கொள்வார். கோணிக்கொண்டு ஓடினால் ராக்கம்மாவின் பூக்கடைத் தட்டிலேயே திருப்பிப் போட்டுவிடுவார். எடுத்த நாலையும் தன் நீலச் சட்டையில் துடைப்பார். கார் விளம்பரத் தாள் ஒன்றை மடித்துத் தரையில் போட்டு, அதன்மேல் ஒரு முழங்காலை ஊன்றி, புதுக் காரின் ஒவ்வொரு டயருக்கும் முன்னால் ஒரு பழம் வைப்பார். டயர் பழத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கவேண்டும். காம்புப் பக்கம் ரோட்டைப் பார்க்கவேண்டும். கடைசிப் பழத்தை வைத்ததும் எழுந்து, பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் பிள்ளையின் தோளைத் தட்டுவதுபோல் போனெட்டை இரண்டு விரலால் தட்டுவார்.

"ம், போ."

மலாய்க்காரர்கள் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்பார்கள். சீனர்கள் இன்னொரு பழம் கூட வைக்கச் சொல்வார்கள். தோட்டத்துத் தமிழர்கள் கைகூப்பி நிற்பார்கள், காருக்கா அக்காவுக்கா என்று தெரியாதபடி.

நான் அக்கா கார் விற்கும் ஷோரூமை ஒட்டிய கடையில் கார் நம்பர் பலகை அடிக்கிறவன். என் கவுண்டரிலிருந்து பார்த்தால் அவர்களின் கண்ணாடிக் கதவு நேராகத் தெரியும். அதிகம் பேசாதவனுக்கு அது நல்ல இடம்.

புனிதா அக்கா பிறந்தது ஆயர் மெரந்தி ரப்பர் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். பதினெட்டு வயதில் இந்த ஷோரூமுக்குத் தரை துடைக்கவும் தேநீர் கலக்கவும் வந்தார். ஒரு நாள் தோட்டத்துக் குடும்பம் ஒன்று கார் பார்க்க வந்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, உள்ளே வரத் தயங்கி நின்றது. விற்பனைக்காரர்கள் உள்ளேயிருந்து சிரித்தார்கள். அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வெளியே போனார்.

"செருப்ப மாட்டிக்கிட்டு வாங்க. இது கோயில் இல்ல, கட. நீங்க வாங்கத்தான் வந்திருக்கீங்க, கும்பிட இல்ல."

அந்தக் குடும்பம் அவரிடம்தான் கார் வாங்குவோம் என்று அடம்பிடித்தது. அப்படித்தான் அவர் விற்பனைக்கு வந்தார். எங்கள் தம்பின் ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் முதல் காரை அவர் கையால் வாங்காத வீடு குறைவு. கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றும் பழக்கம் மட்டும் அவர் எத்தனை முறை சொல்லியும் போகவில்லை. வாசலில் செருப்பு வரிசை நீண்டால், இன்று எனக்குப் பலகை வேலை இருக்கிறது என்று நான் தெரிந்துகொள்வேன்.

இந்த வருஷம் ஆடி பிறந்த வாரத்தில் தலைமையகத்திலிருந்து தகவல் வந்தது. தம்பின் கிளையை மூடுகிறார்கள். விற்பனை, பழுது பார்ப்பது எல்லாம் இனி சிரம்பான் பக்கத்துப் பாரோயில். ஒரு மணி நேரம்தானே என்றார்கள். பட்டறைப் பையன்களில் ஒருவன் அப்போதே மந்தினில் வேலை தேடிக்கொண்டான். ராக்கம்மா மாலை கட்டும் நாரைப் பாதியாகக் குறைத்து வாங்கினார். எதிர்க் கோப்பிக்கடையில் எல்லோரும் அதையே பேசினார்கள். அக்கா மட்டும் உட்காராமல் நின்றுகொண்டே கோப்பியைக் குடித்தார்.

"ஒரு மணி நேரமாம். காரு இருக்கிறவனுக்கு ஒரு மணி நேரம். காரு கெட்டுப் போனவனுக்கு? தள்ளிக்கிட்டுப் போவானா பாரோய்க்கு?"

"கம்பெனி சொன்னா என்னம்மா பண்றது" என்றார் ராக்கம்மா.

"கம்பெனி மூடட்டும்லா. நான் எப்ப மூடணும்னு கம்பெனி சொல்ல முடியாது."

அதே வாரத்தில்தான் ஆறுமுகம் அண்ணனின் கார் வந்தது. சிவப்பு நிறம், சின்னக் கார். அவர் தம்பின் மருத்துவமனையில் காவல் வேலை பார்க்கிறவர். இன்னும் ஆயர் மெரந்தியில்தான் இருக்கிறார். அவர் பெயரில் பதிந்தாகிவிட்டது. பலகையை நான்தான் அடித்துப் பொருத்தினேன். ஆனால் கார் ஷோரூமை விட்டு நகரவில்லை. ஆடியில் புதுக் கார் எடுக்கமாட்டார், ஆவணி ஒன்றாம் தேதி காலையில் இங்கிருந்துதான் எடுப்பார் என்று அக்கா எல்லோரிடமும் சொன்னார். யாருக்கும் ஆச்சரியமில்லை. ஆடியில் எங்கள் பக்கம் யார் வண்டி எடுக்கிறார்கள்?

சிக்கல் தேதியில் இருந்தது. கிளை மூடுவது ஆடியின் கடைசி வெள்ளிக்கிழமை. ஆவணி பிறப்பதோ அதற்கடுத்த ஞாயிறு.

வட்டார மேலாளர் பிரேமநாதன் பாரோயிலிருந்து தொலைபேசியில் பேசினார். யாழ்ப்பாணப் பூர்வீகக் குடும்பம், மூன்று தலைமுறையாகச் சிரம்பானில் இருப்பவர்கள். அவர் குரல் கண்ணாடி வழியாக எனக்குக் கேட்கவில்லை. அக்காவின் குரல் கேட்டது.

"வாக்குக் குடுத்துட்டேன் சார். கார் இங்கருந்துதான் போவும். ஆவணி ஒன்னு."

பிறகு அவர் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"பாரோய்ல என் கையால பழம் வைக்க முடியாது சார். அங்க எனக்குத் தரையே பழக்கமில்ல."

வெள்ளிக்கிழமை மதியம் நீண்ட டிரெய்லர் லோரி ஒன்று வந்து எங்கள் வரிசைக் கடைகளின் வெளிச்சம் முழுவதையும் மறைத்துக்கொண்டு நின்றது. கூடவே பிரேமநாதன். காட்சிக்கு நின்ற கார்களை லோரி ஓட்டுநர் ஒவ்வொன்றாக ஏற்றினார். அவர் பெயர் தர்மேந்திரன் என்று பிறகு தெரிந்தது. தாடி வைத்த, பாடிக்கொண்டே வேலை செய்கிற ஆள். கடைசியாகச் சிவப்புக் காரிடம் வந்தவர் பாட்டை நிறுத்தினார்.

நாலு டயருக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம்.

"பாஸ்" என்றார். "இத நான் ஏத்த மாட்டேன்."

"ஏன்?"

"பழம் வச்சிருக்கு."

பிரேமநாதன் குனிந்து பார்த்தார். "இதென்ன கதை. புனிதா! இதை எப்ப வச்சீங்க?"

"காலைல சார்." அக்கா தேநீர்க் கோப்பைகளை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"சரி, மேல ஏத்தி நசுக்கிட்டுப் போங்க" என்றார் பிரேமநாதன் ஓட்டுநரிடம்.

"நானா? பாஸ், வண்டிக்காரன் நசுக்குனா கண்ணு கழியும். அடுத்தவன் நசுக்குனா அவ்வளவும் அவன் தலைமேலதான். நான் ஹைவேல ஓடுறவன். வீட்ல ரெண்டு பிள்ளைங்க."

"அப்ப எடுத்து ஓரமாப் போடுங்க."

"வச்ச பழத்த எடுக்கிறதா?" தர்மேந்திரன் ஓரடி பின்வாங்கினார். "அதுக்கு நசுக்குறதே தேவல."

சாலையின் எதிர்ப்பக்கம் ராக்கம்மா பூ கட்டுவதை நிறுத்தியிருந்தார். கோப்பிக்கடைக்காரர் கையில் துணியுடன் வெளியே வந்து நின்றார். நானும் ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்தேன். ஒரு ஊர் ஒன்றாகச் சேர்ந்து வேடிக்கை பார்த்தால் அதற்கென்று ஒரு கனம் இருக்கிறது.

"நீங்க வேணா ஓட்டி ஏத்துங்க பாஸ்" என்றார் தர்மேந்திரன், மரியாதையாகத்தான். "நான் கீழ நின்னு கை காட்டுறேன். லெப்ட் ரைட்டு சொல்றேன்."

பிரேமநாதன் லோரியைப் பார்த்தார். அதன் பின்புறத்திலிருந்து இரண்டு ஒடுக்கமான இரும்புப் பலகைகள் தரைக்குச் சரிந்திருந்தன. மழை தூறி அவை பளபளத்தன. பிறகு தன் காலணியைப் பார்த்தார்.

"ஏன் புனிதா இப்படிச் செய்றீங்க? எனக்கு மட்டும் மூட ஆசையா? மேல இருந்து சொல்றாங்க, நான் செய்றன்."

அப்போதுதான் அக்கா பெட்டியை வைத்துவிட்டு வந்தார்.

"உங்கள நான் ஒன்னும் சொல்லல சார். போர்ட கழட்டுங்க, கரண்ட வெட்டுங்க. ஆனா இந்தக் காரு கம்பெனி காரு இல்ல. ஆறுமுகம் அண்ணன் பேர்ல இருக்கு. அவரக் கேக்காம லோரில ஏத்துனா அதுக்குப் பேரு வேற. சொல்லவா?"

"வேணாம்."

"ஞாயித்துக்கிழம காலைல ஒரு அஞ்சு நிமிஷம் கதவத் தொறந்து விடுங்க. அவ்ளோதான்."

பிரேமநாதன் கழுத்தைத் தடவிக்கொண்டு சாலைப் பக்கம் திரும்பினார். ராக்கம்மா சட்டென்று பூவைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டுவதுபோல் பாவனை செய்தார்.

"பூட்டிட்டுச் சாவிய நான் கொண்டு போறன்" என்றார் கடைசியில். "ஞாயிறு நானே வாறன்."

தர்மேந்திரன் லோரியில் ஏறும்போது அக்காவைப் பார்த்துக் கேட்டார், "அக்கா, எனக்கும் ஒரு பழம் குடுப்பீங்களா, முன்னால வைக்க?"

"ஒன்னு என்ன, நாலா எடுத்துக்கப்பா. ஆனா நீயே நசுக்கணும்."

ஞாயிறு காலை ஷோரூமின் முகப்பில் எழுத்துகள் இல்லை. அவை இருந்த இடங்கள் மட்டும் சுவரில் வெளுத்துத் தெரிந்தன. மின்சாரம் இல்லாததால் உள்ளே சிவப்புக் கார் இருட்டில் குளத்து மீனைப் போல நின்றது. பிரேமநாதன் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். ஆனால் அவர் காரை நிறுத்த இடமில்லை.

சாலையின் இரு ஓரத்திலும் கார்கள். ஆயர் மெரந்தியிலிருந்தும் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் வந்தவை. பம்பர் கயிற்றால் கட்டியது, கதவு ஒரு நிறமும் போனெட் ஒரு நிறமுமானது, போன மாதம் எடுத்தது, எல்லாமே அக்கா "ம், போ" என்று தட்டி அனுப்பியவை. பலகைகள் பெரும்பாலும் என் கைவேலை. அக்கா யாரையும் அழைக்கவில்லை என்றார். நான் நம்பவில்லை. ராக்கம்மாவிடம் சொன்னால் போதும், அது அழைப்புதான்.

கதவு திறந்தது. ஆறுமுகம் அண்ணனின் மனைவி மாதவி வழக்கம்போல் செருப்பைக் கழற்றக் காலைத் தூக்கினார். பின்னால் வந்தவர்களும் அதற்குத் தயாரானார்கள்.

"போட்டுக்குங்க" என்றார் அக்கா, உரக்க. "எல்லாரும். இன்னிக்கு ஒருத்தர் செருப்பும் வெளிய கிடக்கக்கூடாது."

இரவு மழை பெய்திருந்தது. தோட்டத்துச் செம்மண் அப்பிய செருப்புகளும் சப்பாத்துகளும் அந்த வெள்ளைத் தரைமேல் ஏறின. கட்டட முதலாளியிடம் மறுநாள் சுத்தமாக ஒப்படைக்கவேண்டிய தரை அது. பிரேமநாதன் அதைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமைப் பழங்கள் சுருங்கியிருந்தன. அக்கா அவற்றை எடுத்துவிட்டுப் புதியன வைத்தார்.

"எடுக்கக்கூடாதுன்னாங்களே" என்றார் பிரேமநாதன் மெல்ல.

"வச்சவ எடுக்கலாம் சார்."

ஆறுமுகம் அண்ணன் உட்கார்ந்தார். அக்கா தட்டினார். நாலு பழமும் ஒன்றாக உடைந்த சத்தம் அந்தக் காலியான கூடத்தில் பெரிதாகக் கேட்டது. கார் சாலையில் இறங்கியதும் ஓரத்தில் நின்ற எல்லாக் கார்களும் ஹாரன் அடித்தன. சந்தோஷத்துக்கு அடிக்கும் ஹாரன் இப்படி இருக்காது. விட்டு விட்டு அடிப்பார்கள். இது விடாமல், கையை எடுக்காமல் அடித்தது. பசார் பக்கம் வரை கேட்டதாக அப்புறம் சொன்னார்கள்.

எதுவும் மாறிவிடவில்லை. மறுநாள் கட்டட முதலாளி வந்து வேறு பூட்டுப் போட்டார். காரைப் பழுது பார்க்க ஒரு நாள் விடுப்பு எடுத்துப் பாரோய் போகிறார்கள். போகமுடியாதவர்கள் சத்தம் வரும் காரையே ஓட்டுகிறார்கள். கோப்பிக்கடையில் காலைக் கூட்டம் இல்லை. எனக்கு வாரத்துக்கு இரண்டு பலகை வந்தால் அதிகம்.

அக்காவுக்குப் பாரோயில் வேலை தருவதாகச் சொன்னார்கள். போகவில்லை. என் கடையில் கம்பிச் சுருள் வைத்திருந்த மூலையைக் கேட்டு வாங்கி ஒரு மடக்கு மேசை போட்டிருக்கிறார். இப்போது துணை ஏஜென்ட். யாராவது கார் கேட்டால் பேருந்தில் பாரோய் போய்ச் சாவியை வாங்கி, தானே ஓட்டிவந்து என் கடை வாசலில் நிறுத்திப் பழம் வைக்கிறார். அவ்வளவு தூரம் பழம் வைக்காமல் ஓட்டலாமா என்று ஒருமுறை கேட்டேன்.

"தம்பினுக்கு வர்ற வரைக்கும் அது வெறும் இரும்புலா" என்றார்.

தீபாவளி கழிந்து ஒரு மழை நாளில் ஆறுமுகம் அண்ணன் வந்தார். முன் பலகையில் விரிசல். அக்கா அன்று பாரோய் போயிருந்தார்.

"நல்ல நாள் பாத்து எடுத்தீங்கண்ணே, பலகையோட போச்சு" என்றேன்.

அவர் சிரித்தார். "நல்ல நாளா? எனக்கு ஆடி என்ன ஆவணி என்ன தம்பி. என் கல்யாணமே ஆடிலதான், ரெண்டு வீட்டுக்கும் தெரியாம. காரு வந்த அன்னிக்கே எடுக்கத்தான் மாதவியோட வந்து நின்னேன். புனிதாம்மாதான் கேட்டாங்க. 'மூடுற நாள அவங்க வச்சிட்டாங்க அண்ணே. கடைசிக் காரு போற நாள நான் வைக்கிறேன். அதுவரைக்கும் இங்க நிக்கட்டுமா'ன்னு."

அந்த ஆடி முழுக்க, சொந்தக் கார் கண்ணாடிக்குள் நிற்க, அவரும் மாதவியும் பழைய மோட்டார் சைக்கிளில்தான் தினமும் அதைக் கடந்து வேலைக்குப் போயிருக்கிறார்கள்.