கதிரை அடுக்கியவருக்குக் கிடைத்த பதவி

லண்டனில் எனக்கு முதலில் விசித்திரமாகப் பட்டது இரண்டு குழாய்கள். ஒல்லாந்தில் பதினொரு வருடம் இருந்துவிட்டு பிளேஸ்டோவில் வீடெடுத்த முதல் நாள், முகம் கழுவப் போனால் பேசினின் இரண்டு மூலையிலும் இரண்டு குழாய். ஒன்றில் கை வெந்துபோகும், மற்றதில் விரல் விறைத்துப்போகும். நடுவில் மனிதர் பாவிக்கக்கூடிய தண்ணீர் கிடையாது. ஆறு வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். ஊரில் குடிநீர் நிலையத்தில் வேலை பார்த்தவன் என்பதால், காலையில் குழாயைத் திறந்ததும் முதலில் மூக்கைத்தான் கொண்டுபோவேன். மெல்லிய குளோரின் மணம் வந்தால்தான் கேத்தலில் தண்ணீர் பிடிப்பேன். "இன்னும் அந்தப் பழக்கம் விடேல்லையே உங்களுக்கு?" என்பாள் என் மனைவி றீற்றா.

நகரின் நடுவே ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் வாசலில் எனக்குக் காவல் வேலை, காலை ஷிப்ட். ஊரில் நீர்ப் பரிசோதனை படித்துச் சான்றிதழ் எடுத்தவன், ஒல்லாந்தில் தக்காளிப் பெட்டி கட்டினேன். இங்கே வருகிறவர்களின் கழுத்து அட்டையைப் பார்த்துத் தலையாட்டுகிறேன். மேசையின் மற்றக் கதிரையில் நான்கு வருடம் என்னோடு இருந்தவர் சாமுவேல். அது அவருடைய உண்மைப் பெயர் அல்ல. அவருடைய நாட்டின் பெயரையும் எழுதப்போவதில்லை. உறவினர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சிறிய நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதைத் தாண்டிய, பருத்த, மெதுவாகப் பேசும் மனிதர். மரியதாஸ் என்ற என் பெயரின் முன்பாதி அவருக்கு மறந்துபோகும். என்னை 'மிஸ்டர் தாஸ்' என்பார். ஞாயிறுகளில் அவருடைய நாட்டு எதிர்க்கட்சியின் லண்டன் கிளை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூடும். சாமுவேல் வெள்ளனவே போய்க் கதிரைகளைப் போடுவார். கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு அவற்றைத் திரும்ப அடுக்கிவிட்டு வருவார். பத்து வருடத்தில் ஒரு கூட்டமும் அவர் தவறவிட்டதில்லை. இந்த வருடம் பிறந்தபோது அவர்களுடைய ஆள் சனாதிபதித் தேர்தலில் வென்றிருந்தார்.

தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை சாமுவேல் எங்கள் சுப்பவைசரிடம் போய், "எனக்கு அப்பொயின்ற்மென்ற் கிடைத்திருக்கிறது" என்றார். சுப்பவைசர் எசெக்ஸ் பக்கத்து வெள்ளைக்காரர், நல்ல மனிதர். "எத்தனை மணிக்கு? மத்தியானத்துக்குள் வந்துவிடுவீர்களா?" என்று கேட்டார். "ஐந்து வருடம் ஆகும்" என்றார் சாமுவேல். சுப்பவைசரின் முகம் மாறிவிட்டது. ஏதோ பெரிய வருத்தம், ஆஸ்பத்திரியில் கிடக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு அவருடைய தோளில் கை வைத்தார். நான் இடையில் போய் விளக்க வேண்டியிருந்தது. சாமுவேலுக்குக் கிடைத்தது வைத்தியரைப் பார்க்கும் நேரம் அல்ல, பதவி. அவருடைய நாட்டின் தலைநகரத்துக்குக் குடிநீர் வழங்கும் திணைக்களத்துக்கு அவர்தான் இனித் தலைவர்.

புதிய சனாதிபதி பதவியேற்க அப்போது இன்னும் மூன்று கிழமை இருந்தது. அதற்குள் யாருக்கு என்ன என்ற பட்டியல் லண்டனுக்கு வந்துவிட்டது. லண்டனில் மினிகாப் டாக்சி ஓடிய ஒருவருக்குத் துறைமுகம். கட்சிப் பாட்டுக்கு மேளம் தட்டியவருக்கு வானொலி. சாமுவேலுக்குத் தண்ணீர். இங்கே வேலை செய்யும் அவர்களுடைய நாட்டு மருத்துவர்கள் சிலர் கூடி, விஷயம் தெரிந்தவர்களை வையுங்கள் என்று ஒரு கடிதம் எழுதினார்களாம். பொறாமை பிடித்தவர்கள் என்று கட்சிக்காரர் அதைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். எங்கள் கட்டடத்தில் துப்புரவு செய்யும் பெண்கள் சாமுவேலுக்கு ஒரு கேக் வாங்கி வெட்டினார்கள். நான் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "தண்ணீரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டேன்.

"குடிக்கத் தெரியும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் கன்ரீனில் ஒரு புதுக் கொப்பியோடு என் முன்னால் வந்து இருந்தார். முகத்தில் நேற்றைய சிரிப்பு இல்லை. "மிஸ்டர் தாஸ், எனக்குப் பயமாக இருக்கிறது. மறுக்கவும் முடியாது. மறுத்தால் அங்கே என் அண்ணனுடைய வேலை போய்விடும். நீங்கள் தண்ணீர் படித்தவர். எனக்குச் சொல்லித் தாருங்கள்."

இரண்டு கிழமை சொல்லிக் கொடுத்தேன். தண்ணீரை எப்படி வடிக்கிறது, குளோரின் பவுடரை எப்படிக் கலக்கிறது, குழாய் வெடித்தால் சாக்கடை எப்படி உள்ளே வரும். முக்கியமாக அந்தச் சோதனை: கண்ணாடிக் குழலில் தண்ணீர் எடுத்து மருந்தில் சில துளி விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும். வராவிட்டால் தண்ணீரில் குளோரின் இல்லை, குடிக்கக் கூடாது. எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதினார். அங்கே இருபது வருடமாக வேலை செய்யும் ஒரு பெண் இன்ஜினியர் இருப்பதாகச் சொன்னார். அவர் மற்றக் கட்சிக்காரி என்று விலக்கச் சொல்லியிருக்கிறார்களாம். "எது போனாலும் போகட்டும், அவரை மட்டும் விட்டுவிடாதீர்கள்" என்றேன். அந்த வரியின் கீழே இரண்டு கோடு போட்டார்.

வீட்டில் றீற்றா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் உடுப்பு மடித்தபடியே, "அந்தாளுக்கு எல்லாத்தையும் சொன்னீங்களோ?" என்று கேட்டாள்.

"ஓம், தெரிஞ்சதெல்லாம் சொல்லிப்போட்டன்."

"நான் அதைக் கேக்கேல்லை. உங்கட கதையைச் சொன்னீங்களோ?"

நான் எழுந்து மற்ற அறைக்குப் போய்விட்டேன்.

அந்தக் கதையை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். மன்னார்ப் பக்கத்தில் ஒரு சிறிய பட்டினம், பெயர் வேண்டாம். ஆள்கிறவர்கள் மாறியபோது எங்கள் நிலையத்துக்கும் புதிய தலைவர் வந்தார். அதுவரை படமாளிகை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தவர். கெட்ட மனிதர் அல்ல, எல்லோருக்கும் நல்லவராக இருக்க விரும்பியவர். தண்ணீர் மணக்கிறது, தேநீரின் ருசி கெடுகிறது என்று சனங்கள் முறைப்பட, குளோரினைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். நான் சோதித்தேன். மஞ்சள் வரவில்லை. குழலைக் கொண்டுபோய் அவருடைய மேசையில் வைத்து, "சேர், நிறம் வரேல்லை" என்றேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உம்மட மருந்து பழசாக்கும், தாஸ். தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு. கையெழுத்தை வையும்" என்றார். மருந்து பழசில்லை என்று எனக்குத் தெரியும். அப்போது றீற்றா வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று மாதம் இருந்தது. தண்ணீர் நல்லது என்று கையெழுத்து வைத்தேன். அடுத்த நாளும் வைத்தேன். ஒரு கிழமை வைத்தேன். பிறகு கடற்கரைத் தெருவில் நெருப்புக்காய்ச்சல், டைபோயிட், வந்தது. அந்த ஒரு தெருவில் மட்டும் நான்கு பிள்ளைகள். நான்கு செத்தவீட்டுக்கும் போனேன். தலைவர் மலர்வளையம் அனுப்பினார். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு நாட்டைவிட்டு வெளிக்கிட்டேன். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சண்டை என்றே சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய் இல்லை.

மாசி மாதம் சாமுவேல் புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். என் கையை இரண்டு கையாலும் பிடித்து, "நீங்கள்தான் என்னுடைய ஆசிரியர்" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு மனிதர் அப்படி மரியாதையோடு என் முகத்தைப் பார்த்துப் பல வருடமாகியிருந்தது. நான் சொல்லவில்லை.

பிறகு வைகாசி வந்தது, ஊரில் சண்டை முடிந்த வைகாசி. அதை நான் இங்கே எழுதத் தேவையில்லை. வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். இங்கே பாராளுமன்றத்துக்கு முன்னால் மறியல் செய்தவர்களோடு றோட்டில் இருந்துவிட்டு, அப்படியே எழுந்து ஷிப்டுக்குப் போன நாட்கள் உண்டு. என் அக்காவின் மூத்த மகன் எங்கே என்று இன்றுவரை தெரியாது. வீட்டில் ரெலிபோன் அடித்தால் நானும் றீற்றாவும் ஒருவரை ஒருவர் பார்ப்போம், யார் எடுப்பது என்று. புரட்டாதியில் ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது அது அடித்தது. நான்தான் எடுத்தேன். சாமுவேல்.

"மிஸ்டர் தாஸ், ஆட்கள் வயிற்றோட்டத்தில் விழுகிறார்கள். பிள்ளைகள் சாகிறார்கள்."

"பவுடர் போடுகிறீர்களா?"

"இரண்டு மடங்கு போடுகிறோம்."

"பீப்பாயைத் திறந்தால் மூக்கில் அடிக்கிறதா?"

"இல்லை. கோதுமை மா மாதிரி இருக்கிறது."

விசாரித்தால், அந்தப் பீப்பாய்கள் ஐந்து மாதம் துறைமுக முற்றத்தில் வெயிலில் கிடந்திருக்கின்றன. மினிகாப் ஓடியவருக்கு அவற்றை எந்தப் பத்திரத்தில் விடுவிப்பது என்று தெரியவில்லை; கேட்க வெட்கம். குளோரின் பவுடர் வெயிலில் கிடந்தால் செத்துப்போகும். பெண் இன்ஜினியர் இருந்திருந்தால் மூடியைத் திறந்த உடனேயே கண்டுபிடித்திருப்பார். அவரை எப்போதோ விலக்கியாகிவிட்டது. "விலக்கிய கடிதத்தில் கையெழுத்து வைத்தது நான்தான்" என்றார் சாமுவேல்.

"தண்ணீரைச் சோதிக்கவில்லையா?"

"சோதித்தேன். வியாழக்கிழமை. மஞ்சள் வரவில்லை. மருந்துதான் பழசாகியிருக்கும் என்று நினைத்தேன்."

நான் சமையலறைக் கதிரையை இழுத்து இருந்தேன். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி இப்போதே வானொலியில் அறிவியுங்கள் என்றேன். சனாதிபதி அலுவலகம் விடவில்லை என்றார். வெளிநாட்டு விருந்தினர் வந்திருக்கிறார்களாம். வெள்ளிக்கிழமை அவர்கள் போகும் வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். "அதுவரை தண்ணீர் நல்லது என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். தாள் என் மேசையில் இருக்கிறது. நான் என்ன செய்ய?"

றீற்றா அடுப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என் கதையைச் சொன்னேன். படமாளிகைக்காரரை, குழலை, ஒரு கிழமைக் கையெழுத்தை, நான்கு பிள்ளைகளை. என் உடைந்த இங்கிலீசில் அது சின்னக் கதையாகத்தான் வந்தது. முடித்ததும் சாமுவேல், "இதை ஏன் கன்ரீனில் சொல்லவில்லை?" என்று கேட்டார். அதில் கோபம் இருக்கவில்லை. கேட்டுவிட்டு ரெலிபோனை வைத்துவிட்டார்.

நடந்ததெல்லாம் ஒரு மாதம் கழித்துத்தான் தெரியவந்தது. ரெலிபோன் எடுத்த அன்றைக்கே சாமுவேல் அந்தப் பெண் இன்ஜினியருடைய வீட்டுக்கு நடந்து போயிருக்கிறார். அந்த அம்மா கதவைத் திறந்து, விஷயத்தைக் கேட்டதும் செருப்பைப் போட்டுக்கொண்டு கூட வந்தாராம். வானொலியில் மேளக்காரர், மேலிடத்து அனுமதி இல்லாமல் அறிவிக்க மாட்டேன் என்று கைவிரித்துவிட்டார். இரண்டு பேரும் பள்ளிவாசல் பள்ளிவாசலாக, தேவாலயம் தேவாலயமாகப் போய், தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் சொல்ல வைத்தார்கள். அடுத்த நாள் காலை சாமுவேலைப் பதவியிலிருந்து எடுத்து, வதந்தி பரப்பியதாக மூன்று கிழமை அடைத்து வைத்தார்கள். அவருடைய இடத்துக்குச் சனாதிபதியின் மகனோடு பந்து விளையாடிய ஒருவர் வந்திருக்கிறார். எத்தனை பேர் செத்தார்கள் என்று அரசாங்கம் சொல்லவேயில்லை. இப்போது சாமுவேல் அண்ணன் வீட்டில் இருக்கிறார். பாஸ்போட்டைப் பறித்து வைத்திருக்கிறார்கள், லண்டனுக்கு வர ஏலாது.

"அந்த நான்கு பிள்ளைகளின் பெயர் உங்களுக்குத் தெரியுமா?" என்று ரெலிபோனில் கேட்டார்.

"தெரியும்."

"எனக்கு ஒருவரின் பெயரும் தெரியாது, மிஸ்டர் தாஸ். நான் தாமதித்தது வியாழனிலிருந்து ஞாயிறு வரை. அந்த மூன்று நாளில் குடித்தவர்கள் யார் என்று தெரியவில்லை."

கார்த்திகை மாதம் எங்கள் பங்குக் கோயிலில், இறந்தவர்களின் பெயர்களை எழுத ஒரு பெரிய கொப்பியைப் பீடத்துக்குப் பக்கத்தில் வைப்பார்கள். ஐரிஷ்காரர், போலந்துக்காரர், நைஜீரியர், எல்லோரும் எழுதுவார்கள். ஞாயிறு பூசையில் குருவானவர் வாசிப்பார். நான் அம்மா, ஐயாவின் பெயரை இங்கிலீசில் எழுதினேன். அக்காவின் மகனுடைய பெயரை எழுதவில்லை, செத்தான் என்று தெரியாமல் எழுத உரிமை இல்லை. பிறகு அந்த நான்கு பெயர்களையும் எழுதப் பார்த்தேன். இங்கிலீஸ் எழுத்தில் வைத்ததும் அவை வேறு யாருடையவோ பெயர்களாகத் தெரிந்தன. வெட்டிவிட்டுத் தமிழில் எழுதினேன். அந்தோனி, நிரோஷா, யூட், ஜெனிற்றா. அதற்குக் கீழே, சாமுவேலுக்குப் பெயர் தெரியாதவர்களுக்காக, ஒரு வரியைச் சும்மா விட்டேன். மெழுகுதிரி ஏற்றும் வெள்ளைக்கார அம்மா எட்டிப் பார்த்து, "அழகான எழுத்து. ஆனால் ஃபாதர் இதை எப்படி வாசிப்பார்?" என்று கேட்டார். வாசிக்கத் தேவையில்லை என்றேன். நான் ஏதோ கோபத்தில் சொல்கிறேன் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விலகிப் போனார்.

ஞாயிறு குருவானவர் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு வந்தார். ஐயாவின் பெயரைப் பாதி விழுங்கி வாசித்தார். பிறகு நின்றார். கண்ணாடியைச் சரிசெய்து, கொப்பியைக் கொஞ்சம் தூரமாகப் பிடித்துப் பார்த்து, தாளைத் திருப்பினார். தாள் திரும்பும் அந்த நேரத்துக்குள் என் பக்கத்தில் நின்ற றீற்றா, கண்ணை மூடிக்கொண்டு, கடற்கரைத் தெருவில் தாய்மார் கூப்பிட்ட மாதிரியே நான்கு பெயரையும் மெதுவாகச் சொன்னாள். முன்வரிசையில் இருந்த பெண் திரும்பி எங்களைப் பார்த்து, பேச வேண்டாம் என்று விரலை உதட்டில் வைத்தார்.