ஆள் நிற்க, பெட்டி நடந்தது

எனக்கு நடப்பது பிடிக்காது. முழங்கால் பழுதாவதற்கு முந்தியும் பிடிக்காது. சுன்னாகத்தில் எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, இந்த மண்டபத்தை இவ்வளவு நீளமாகக் கட்டியவர் வெங்காய மூட்டையை நினைத்தாரே தவிர மனிதரை நினைக்கவில்லை என்று மனதுக்குள் திட்டினேன். அது முன்பு வெங்காயம் போட்டு வைத்த இடம். காற்று வருவதற்காக இரண்டு பக்கச் சுவரிலும் பாதிக்கு மேல் கம்பிவலை. நான் போன காலத்தில் வெங்காயம் போய்விட்டது, மணம் மட்டும் போகவில்லை.

வேலை இதுதான். சங்கத்துக்குச் சுற்றியுள்ள ஊர்களில் கிளைக்கடைகள் இருந்தன. ஒவ்வொரு கிளையும் தனக்கு வேண்டிய சாமான்களை ஒரு துண்டில் எழுதி அனுப்பும். நானும் இன்னும் இரண்டு பெண்களும் அந்தத் துண்டைப் பார்த்து, பால்மா, சீனி, பருப்பு, குளிக்கிற சவர்க்காரம், தேயிலை, எழுதுகிற கொப்பி என்று தட்டுத்தட்டாகத் தேடி எடுத்து, பாதியாக அறுத்த ஒரு தேயிலைப் பெட்டிக்குள் அடுக்கி, வாசலுக்குச் சுமந்துகொண்டு போய்க் கொடுக்க வேண்டும். பால்மா மண்டபத்தின் ஒரு தலைப்பில், சவர்க்காரம் மறு தலைப்பில். ஒரு கிளைக்கு மண்டபத்தை நாலு தரம் அளந்தாயிற்று என்றால், அடுத்த கிளையின் ஆள் வாசலில் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு நிற்பார்.

சண்டையில் ஊருக்கு மின்சாரம் போய் இரண்டு வருடமான ஒரு மாரியில், வெள்ளத்துக்குள் குழி தெரியாமல் சைக்கிளோடு விழுந்தேன். வலது முழங்கால் அதோடு சரி. ஒரு மாதம் படுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, வெறுங்கையோடு நடக்க முடிந்தது, பெட்டியோடு முடியவில்லை. மற்ற இருவரும் என் பங்கையும் சேர்த்துச் சுமந்தார்கள். அதில் இளையவள் கரவெட்டியிலிருந்து கலியாணம் முடித்து வந்தவள், வாய் திறந்து ஒரு சொல் சொல்ல மாட்டாள். அவள் சொல்லாததுதான் எனக்கு இன்னும் குத்தியது.

களஞ்சியப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டது மார்கழி பிறந்த அன்று.

“பிள்ளை, உமக்கு மேலை எனக்கொரு கோபமும் இல்லை. ஆனா இந்த வேலைக்குக் கால் வேணும்,” என்றார். பொங்கல் வரைக்கும் பார்ப்பாராம். அதற்குள் முந்தி மாதிரி வேலை செய்ய முடியாவிட்டால், வேறு ஆளைப் போடச் சொல்லிக் கமிற்றிக்கு எழுத வேண்டி வருமாம்.

அவரோடு கோபிக்கத்தான் விருப்பமாயிருந்தது. ஆனால் மனிதர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அதனால் எனக்கு இரண்டு மடங்கு கோபம் வந்தது. சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த இடம் எனக்குப் பிடிக்கும். எந்தத் தட்டில் எது கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வீட்டில் குந்திக்கொண்டு இருந்தால் எனக்கு விசர் பிடிக்கும், என்னால் என்னைக் கட்டிய வீட்டுக்காரருக்கும் பிடிக்கும்.

இரண்டு நாள் கழித்து ஒரு கோதுமை மாமூட்டையின் மேல் காலை நீட்டிக்கொண்டு இருந்து, கரவெட்டிக்காரி வெறும்பெட்டியோடு சவர்க்காரத் தட்டுக்குப் போவதைப் பார்த்தேன். இவள் ஏன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறாள், பெட்டியே சவர்க்காரத்திடம் போனால் என்ன என்று தோன்றியது. நான் கொழும்புத்துறையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். வள்ளத்தைக் கரையேற்றும்போது அடியில் பனங்கட்டைகளைப் போட்டு உருட்டுவார்கள். பின்னால் கழன்றுவிழும் கட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு ஓடிப் போடுவது எங்களைப் போன்ற சிறுசுகளின் வேலை. அந்த ஓட்டமும் எனக்குப் பிடிக்காது. கட்டை இருந்த இடத்திலேயே இருந்து சுற்றினால் ஒருவரும் ஓடத் தேவையில்லையே என்று இப்போது யோசித்தேன்.

வீட்டுக்காரருக்குச் சந்திக்குப் பக்கத்தில் சைக்கிள் திருத்தும் கடை. அந்த வருடங்களில் யாழ்ப்பாணம் முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது, ஆகவே அவருக்குத் தலை சொறிய நேரமில்லை. என்றாலும் நான் சொன்னதைக் கேட்டார். சிரித்தார். பிறகு, தேய்ந்து போய்த் தெருவுக்கு உதவாத முன்சில்லு அச்சுகள் ஒரு சாக்கு நிறையக் கிடக்கின்றன, சவர்க்காரப் பெட்டி தாங்க அவை போதும் என்றார். தண்ணீர் இறைக்க எண்ணெய் இல்லாமல் தோட்டங்களில் சும்மா கிடந்த பிளாஸ்ரிக் குழாய்களைத் துண்டு துண்டாக அறுத்து, இரண்டு பக்கமும் மரவட்டம் அடைத்து, நடுவில் அச்சைப் பொருத்தினார். குழாயைத் தட்டிவிட்டால் அது தன் பாட்டில் சுற்றியது. நீளமான பனஞ்சலாகை இரண்டை நிரையாக வைத்து, குழாய்களை ஏணிப்படி மாதிரிக் குறுக்கே பொருத்தினோம். ஒரு தலைப்பைக் கல் வைத்து உயர்த்திவிட்டால் மின்சாரமும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம்.

சொல்வதற்கு இது சுகம். முதலில் குழாய்களை அகல அகல வைத்தோம். பெட்டியின் மூக்கு இடையில் இறங்கிக் குத்திக்கொண்டு நின்றது. எந்த நேரமும் பெட்டிக்கு அடியில் மூன்று குழாயாவது இருக்க வேண்டும் என்று அப்போது படித்தோம். அடுத்தது சரிவு. வெறும்பெட்டிக்கு எடை இல்லை, அசைய மாட்டேன் என்கிறது. அதற்காகச் சரிவைக் கூட்டினால், நிறைந்த பெட்டி கடைசியில் பாய்ந்துபோய்ச் சுவரில் அடிக்கிறது. இரண்டு பின்னேரம் நானும் அவரும் இதற்காகவே சண்டை பிடித்தோம். கடைசியில் உயர்ந்த தலைமாட்டுப் பக்கம் சரிவைக் கூட்டி, கால்மாட்டுப் பக்கம் குறைத்து, பால்மா, சீனி, பருப்பு போன்ற பாரச் சாமான்களைத் தலைமாட்டிலும், தேயிலை, கொப்பி போன்ற பாரமில்லாதவற்றைக் கால்மாட்டிலும் வைப்பதென்று முடிவாயிற்று. பெட்டி தொடங்கியதுமே பாரமாகிவிடும், தன் பாரத்தால் தானே போகும். பருப்பு தேயிலைப் பைக்கற்றை நசிப்பதும் நிற்கும். சவர்க்காரத்தின் மணம் தேயிலையில் ஏறாமலிருக்க, அதை எட்ட, ஆகக் கடைசியில் வைத்தேன்.

தட்டுகளை மாற்றுவதற்குப் பொறுப்பாளர் சம்மதிக்க ஒரு கிழமை எடுத்தது. அவர் அடுக்கி வைத்தது அவருக்குக் கோயில் மாதிரி. எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் அன்றைக்கு முழுவதும் முகம் கொடுக்க மாட்டார். நான் தினமும் போய் நின்றேன். என் வாயிலிருந்து தப்புவதற்காகவே சம்மதித்தார் என்று நினைக்கிறேன்.

“பொங்கலுக்கு முதல் நாள் பாப்பம். பன்ரெண்டு மணிக்கு முன்னம் எல்லாக் கிளையின்ரை பெட்டியும் வெளியிலை போகோணும். போகாட்டில் உந்தக் குழாயளைக் கழட்டுவிச்சுப்போட்டு நான் எழுதிறதை எழுதுவன்.”

வருடத்தில் ஆகக் கூடிய சாமான் போகும் நாள் அது. மனிதர் அதைத் தெரிந்துதான் சொன்னார்.

எல்லாம் பொருத்தி முடிந்தது அதற்கு இரண்டு நாள் முன்பு, நல்ல உச்சி வெயிலில். அச்சுகளுக்குப் போடக் கிறீஸ் இல்லை. கிறீஸ் என்ற சாமானை நாங்கள் கண்டு கனகாலம். தண்ணி மெசின் திருத்துபவரிடம் கழித்த எண்ணெய் கேட்டிருப்பதாகவும், நாளைக்குப் பின்னேரம் வரை பொறுக்கும்படியும் வீட்டுக்காரர் சொன்னார். பொறுமை என் பிறப்பிலேயே இல்லை. தையல் மெசினுக்கும் கதவுப் பிணைச்சலுக்கும் போடுகிற தேங்காயெண்ணெய் இதற்குக் காணாதா என்று நினைத்து, அவர் கடைக்குப் போன பிறகு நானே ஒவ்வொரு அச்சுக்கும் தேங்காயெண்ணெய் விட்டேன். பெட்டி வழுக்கிக்கொண்டு போனது. கரவெட்டிக்காரி முதல் முறையாகக் கை தட்டினாள். அடுத்த நாள் கழித்த எண்ணெயும் கிடைக்கவில்லை. தேவையில்லை, விடுங்கோ என்று சொல்லிவிட்டேன்.

பொங்கலுக்கு முதல் நாள் காலை ஏழு மணி. வாசலில் கிளைக்காரர்கள் சைக்கிள்களோடும் ஒரு மாட்டுவண்டியோடும் வந்து நின்றார்கள். பொறுப்பாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலைமாட்டில் நின்றார். முதல் பெட்டிக்குள் பால்மாவை அடுக்கிக் கையை எடுத்தோம்.

பெட்டி அசையவில்லை.

தள்ளினேன். ஒரு முழம் போய் நின்றது. திரும்பத் தள்ளினேன். எருமை மாதிரி நின்றது. நேற்று மத்தியானம் கூட ஓடியதே என்று எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. குழாயைக் கையால் சுற்றிப் பார்த்தால் அது மனமில்லாமல் சுற்றியது. கரவெட்டிக்காரியைச் சைக்கிளில் அனுப்பி வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, நானும் மற்றவளும் பழையபடி பெட்டியைத் தூக்கத் தொடங்கினோம். நான் மூன்று தட்டுக்கு மேல் போக முடியாமல் நின்றேன்.

வீட்டுக்காரர் வந்து குனிந்து, ஓர் அச்சின் ஓரத்தை விரலால் வழித்தார். விரலில் வெள்ளையாக, மெழுகு மாதிரி ஒட்டியது. மணந்து பார்த்தார்.

“தலைக்கு வைக்கிறதையோ வைச்சனீர்?”

“ஓம்,” என்றேன்.

மார்கழி, தைப் பனியில் தேங்காயெண்ணெய் உறையும் என்று தெரியாத வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை. அன்று விடியவும் உறைந்து கிடந்த எண்ணெய்ப் போத்தலை நான்தான் அடுப்படியில் வைத்து உருக்கி, மகளின் தலையில் வைத்து வாரி இழுத்துவிட்டு வந்தேன். அந்த எண்ணெய் வேறு, இந்த எண்ணெய் வேறு என்று என் மண்டை நினைத்திருக்க வேண்டும். வெயில் ஏறினால் தானாக இளகும். ஆனால் வெயில் அந்த மண்டபத்துக்குள் வரப் பத்து மணியாகும். பிழை என்னுடையது, ஒருவரையும் பிடித்துத் திட்டக்கூட வழியில்லை.

அவர் வீட்டுக்குப் போய், எங்கள் விளக்குக்கென்று வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் போத்தலோடும் ஒரு கோழியிறகோடும் வந்தார். இறகைத் தோய்த்துத் தோய்த்து ஒவ்வொரு அச்சுக்குள்ளும் விட்டு, குழாயை முன்னும் பின்னும் சுற்றிக்கொண்டு தலைமாட்டிலிருந்து வந்தார். அந்தக் காலத்தில் மண்ணெண்ணெயை அப்படி ஊற்ற மனசு வராது. வாசலில் நின்ற கிளைக்காரர் இரண்டு பேர் கேட்காமலே உள்ளே வந்து மற்றப் பக்க அச்சுகளைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லாம் முடிய ஒன்பது மணி கழிந்துவிட்டது.

பிறகு பெட்டி போனது. தலைமாட்டில் ஒருத்தி, நடுவில் கரவெட்டிக்காரி, கால்மாட்டில் ஒரு சவர்க்காரப் பெட்டிமேல் நான். தங்கள் தட்டுக்கு முன்னால் குழாய் இடுக்கில் ஒரு தடியைச் செருகினால் பெட்டி நிற்கும், உருவினால் போகும். அடுத்தவளின் இடம் வெறுமையாகும் வரை தடியை உருவக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். நான் பெட்டியோடு வந்த துண்டை எடுத்து, இல்லாததைப் போட்டு, இருப்பதைச் சரிபார்த்து அனுப்பினேன். ஒருத்தியும் நடக்கவில்லை. ஒரு பெட்டி என்னிடமிருந்து போகும்போதே அடுத்தது வந்து முட்டியது. கால் வலிக்கிறதா என்று பார்க்கவே நேரமில்லை. எனக்குச் சந்தோசமாக இருந்தது, அதை மறைப்பானேன்.

கோயிலில் மத்தியானப் பூசை மணி அடித்தபோது இன்னும் மூன்று கிளை மிச்சம். நான் தடியைச் செருகிவிட்டு எழும்பினேன். பேச்சு என்றால் பேச்சு.

“ஐயா, மணி அடிச்சிட்டுது. எழுதிறதை எழுதுங்கோ.”

அவர் என் பக்கம் திரும்பவில்லை. ஆகக் கடைசிக் குழாய்க்குப் பக்கத்தில் நின்றார். எங்கள் குழாய் வரிசை அங்கே சுவரோடு முடிந்துவிடும். அங்கிருந்து இடது கைப் பக்கம் திரும்பினால்தான் வாசல். காலையிலிருந்து அந்தச் சிறு தூரத்தை மட்டும் கிளைக்காரர் இரண்டு பேர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அவர் அந்த மூலையையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். காலால் தூரத்தை அளந்தார். திரும்ப வந்து அளந்தார்.

“பிள்ளை, உது மூலையிலை திரும்புமோ?” என்று கேட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது. வேலையை விட்டு அனுப்பப் போகிற ஆளிடம் ஒருவரும் மூலையைப் பற்றிக் கேட்பதில்லை. அதை எப்படித் திருப்புவதென்று எனக்குத் துளியும் தெரியாது. உள்பக்கம் ஒடுங்க வேண்டுமா, வெளிப்பக்கம் உயர வேண்டுமா, ஒன்றும் தெரியாது.

“ஓம் ஐயா, திரும்பும். ஆனா ரெண்டு மாசம் வேணும்,” என்றேன்.

“மூண்டு மாசம் எடும். அவசரப்பட்டுக் கண்ட எண்ணெயும் விட வேண்டாம்,” என்றார்.

மிச்சமிருந்த மூன்று பெட்டியையும் அனுப்பிவிட்டு, நான் மாமூட்டைகளுக்குப் பின்னால் போய், ஒருவரும் காணாமல் ஆசை தீர அழுதேன்.