சரித்திரப் புத்தகத்துக்கு நான் போட்ட புள்ளி

என் மகள் என்னிடம் ஒரு சொல் கேட்டாள். நான் புள்ளி போட்டுக் கொடுத்தேன். செய்த பிழை இதுதான். ஆனால் படித்தவன் தன் பிழையை இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டு எழும்பிப் போக மாட்டான்.

மகள் கனடாவில் இருக்கிறாள். சென்ற ஆவணியில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் தீவு ஊரான கரம்பொன்னுக்கு வந்தாள். மூத்தவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு ஐந்து. இருவரும் பள்ளிக்கூடம் போவதில்லை. மருமகன் அங்கே ஒரு புதிய சபையில் சேர்ந்திருக்கிறார். அந்தச் சபையில் தாய்மார் பிள்ளைகளை வீட்டில் வைத்தே படிப்பிப்பார்கள். நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர். அந்தச் சபையின் கணக்கில் நாங்கள் அரைக் கிறிஸ்தவர்கள் என்பதை மருமகன் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவ்வளவு மரியாதையான பிள்ளை.

கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் புத்தகம் எடுத்தாயிற்று. சரித்திரம் மட்டும் மிச்சம். மூன்று பாடத்தொகுதிகளின் மாதிரிப் புத்தகங்களை மகள் சூட்கேசில் கொண்டு வந்திருந்தாள். வெளிநாட்டுச் சூட்கேசைத் திறந்தால் சொக்கிளேற்றும் சவர்க்காரமும் மணக்கும். அந்த முறை உலகம் படைக்கப்பட்டதிலிருந்து அமெரிக்கா உண்டானது வரை எல்லாம் சவர்க்கார மணத்தோடு வந்து இறங்கியது.

"அப்பா, இதில ஒண்டை எடுக்கவேணும். அவருக்கு இந்தத் தடிச்ச புத்தகத்திலதான் விருப்பம். பாஸ்ரரும் அதைத்தான் சொல்லுறார். நீங்கள் சரித்திரம் படிப்பிச்சனீங்கள். வாசிச்சுப்போட்டு ஒரு சொல் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா அவர் கேப்பார்."

அவளுக்கு வேண்டியது முழுவதும் அந்தக் கடைசி வசனத்தில் இருந்தது. எனக்குக் கேட்டதோ "நீங்கள் சரித்திரம் படிப்பிச்சனீங்கள்" என்பது மட்டும்தான். இளைப்பாறிய நாளிலிருந்து என் படிப்பை யாரும் தேடி வந்ததில்லை. மருந்துப் போத்தலில் உள்ள ஆங்கிலத்தை வாசித்துச் சொல்லக் கேட்பார்கள், அவ்வளவுதான்.

நான் பொதுப் பரீட்சை விடைத்தாள் திருத்தியவன். அடுத்த நாளே சிவப்புப் பேனை தேடிப் புறப்பட்டேன். பக்கத்துக் கடையில் நீலமும் கறுப்பும்தான் இருந்தன. சிவப்புக்காக வேலணைக்குப் பஸ் ஏறினேன். வந்து புள்ளித்திட்டம் ஒன்று வகுத்தேன். காலவரிசைக்கு இவ்வளவு, வரைபடத்துக்கு இவ்வளவு, பயிற்சி வினாவுக்கு இவ்வளவு என்று. ஐந்து வயதுப் பையன் ஒருவன் இதைப் படிக்கப்போகிறான் என்பதற்கு என் திட்டத்தில் இடம் இல்லை.

முதல் புத்தகத்தில் நோவாவின் பேழைக்கு ஆறு பக்கமும் ஆசியாக் கண்டத்துக்கு ஒரு பக்கமும் இருந்தன. அந்த ஒரு பக்கத்திலும் பாதியைப் புலியின் படம் பிடித்துக்கொண்டது. இரண்டாவது புத்தகம் வெறும் கதைகள். தாய் வாசிப்பாள், பிள்ளை கேட்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொன்னால் போதும் என்று முன்னுரையில் இருந்தது. தன் சொற்களில் சொல்லவிட்டால் பிறகு எதை வைத்துத் திருத்துவது? அதைச் சித்தியடைய விடவில்லை. மகள் அந்தப் புத்தகத்தைத்தான் பிள்ளைகளுக்குப் படுக்கையில் வாசித்துக்கொண்டிருந்தாள் என்பதைக் கண்டும் விடவில்லை.

மூன்றாவது, மருமகனின் புத்தகம். நல்ல கட்டு, வழுவழுப்பான தாள், ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கேள்விகள். எனக்கு வாய் ஊறியது.

நான் திருத்திக்கொண்டிருந்த நேரம் பக்கத்து வீட்டுக்காரர் வேலிப்பக்கம் வந்தார். அவர் சைவர். தெற்கில் கடை வைத்திருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். அவர் மனைவி அவித்த மோதகத்தில்தான் என் பேரப்பிள்ளைகள் அந்த மாதம் வளர்ந்தார்கள்.

"என்ன மாஸ்ரர், உலகத்தையே திருத்துறியள் போல?"

"பேரப்பிள்ளையளுக்குச் சரித்திரப் புத்தகம் தெரிவு செய்யிறன்."

"எங்கட தீவு கிடக்கோ அதுக்குள்ள?"

"ஆசியாவே ஒரு பக்கம்தான்."

"அப்ப ஆசியாக்காரர் வாடகை வடிவாக் குடுக்கேல்லைப் போல."

அந்தக் கிழமைதான் எங்கள் கோயில் பெருநாள். மாதாவின் சுருவம் பவனி வரும்போது அவர்கள் வீட்டுப் படலையில் நிறைகுடம் வைத்து விளக்கேற்றுவார்கள். அவர் வேட்டி கட்டிக்கொண்டு வந்து மாதாவுக்கு மாலை போடுவார். எத்தனையோ வருசமாக நடப்பது. இந்த முறை பூத்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் என் பேத்தி.

இரண்டு நாள் கழித்து அவள் என் பக்கத்தில் இருந்து அந்தத் தடித்த புத்தகத்தைப் புரட்டினாள். ஒரு படத்தில் விரலை வைத்தாள். மாலை போட்ட ஒரு சிலை, முன்னால் விளக்கு, கைகூப்பியபடி ஒரு கிழவன்.

"அம்மப்பா, இது எங்கட பெருநாள். இது நீங்கள்."

படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை நான் ஏற்கெனவே வாசித்திருந்தேன். உண்மைக் கடவுளை அறியாமல் இருளில் வாழ்ந்த மக்கள் என்பது அதன் பொருள்.

"கீழ என்ன எழுதிக்கிடக்கு?"

"அதைப் பிறகு படிக்கலாம்" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

அந்தப் பக்கத்துக்கு நான் இரண்டு புள்ளி குறைத்திருந்தேன். காரணத்தையும் ஓரத்தில் எழுதியிருந்தேன்: எந்த நாடு, எந்தக் காலம் என்று குறிப்பிடப்படவில்லை.

மூன்றாவது புத்தகம் விசேட சித்தி பெற்றது. இரவுச் சாப்பாட்டு மேசையில் எழும்பி நின்று பெறுபேற்றை வாசித்தேன். மகள் ரொட்டியைப் பிய்த்தபடி இருந்தாள்.

"அந்தப் படத்தைப் பாத்தனீங்களோ அப்பா?"

"ஓம். அதுக்குக் குறைச்சுத்தான் போட்டனான்."

"நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லுவியள் எண்டுதான் கொண்டு வந்தனான். நான் சொன்னா அவர் கேக்கமாட்டார். உங்கட ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவு பாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தனான்."

மறுநாள் மருமகனுக்கு அழைப்பெடுத்தேன். நான் வாயைத் திறக்கமுன் அவர் தொடங்கிவிட்டார். "மாமா, நீங்கள் போட்ட புள்ளியை மூத்த பிள்ளை படமெடுத்து அனுப்பினவ. பாஸ்ரருக்கும் காட்டினனான். அவருக்குச் சரியான சந்தோசம். புத்தகத்துக்கு ஓடர் குடுத்திட்டன்."

மீளத் திருத்தவேண்டும் என்று சொல்லத்தான் எடுத்தேன். பாஸ்ரருக்குச் சந்தோசம் என்றதும் எனக்கும் கொஞ்சம் சந்தோசம் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். "நல்லது தம்பி" என்று வைத்துவிட்டேன்.

மகளும் பிள்ளைகளும் கனடாவுக்குத் திரும்பிய பிறகு பக்கத்து வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் ஒருவேளை எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அந்தப் புத்தகத்தில உங்கட ஆக்களும் இருட்டுக்கைதானே மாஸ்ரர்?"

"ஓம்."

"அப்ப பிரச்சினையில்லை. ரண்டு வீட்டுக்கும் ஒரு விளக்குப் போதும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு வழக்கம்போல வேலியடியில் நின்று கதைக்காமல் உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமைகளில் பேத்தி வீடியோவில் வந்து அந்தக் கிழமைப் பாடத்தை எனக்கு வாசித்துக் காட்டுவாள். ஒவ்வொரு கிழமையும் அந்தப் படம் எனக்குக் கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தது. சென்ற சனிக்கிழமை வந்து சேர்ந்தது. கீழே இருந்த வரியை எழுத்துக் கூட்டாமல் வாசித்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மப்பா, நீங்கள் இருட்டிலயோ இருந்தனீங்கள்?"

அவளுக்குப் பின்னால் குசினியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. மகள் அங்கேதான் நின்றிருக்கவேண்டும்.

"இல்லைப் பிள்ளை. அது பிழை. அதை எழுதினவருக்குப் பக்கத்து வீட்டில ஆருமில்லைப் போல."

"அப்ப ஏன் நீங்கள் இந்தப் புத்தகத்துக்குக் கூடின புள்ளி போட்டனீங்கள்?"

"அம்மப்பா பிழையாத் திருத்திப்போட்டன். இந்தப் புத்தகம் வேண்டாம் எண்டு அப்பவே சொல்லியிருக்கவேணும்."

ஒரு கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. மருமகன் திரைக்குள் வந்தார். "மாமா" என்று தலையை ஆட்டினார். பிறகு பேத்தியிடம், "இஞ்ச தாங்கோ, பாப்பம்" என்று புத்தகத்தை வாங்கினார். அந்தப் பக்கத்தை அவர் அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. பாஸ்ரர் சொன்னார், மாமா புள்ளி போட்டார், இனி வாசித்துத்தான் ஆகவேண்டுமா என்று விட்டிருக்கிறார்.

அவர் அந்தப் பக்கத்தோடு நிற்கவில்லை. அடுத்த பக்கத்தையும் திருப்பினார்.  அவர் வாசித்து முடியும்வரை நானும் அழைப்பை வைக்கவில்லை.